பிளக் ஸ்பனர் வீட்டுக்கு வந்த கதை

யாழ்ப்பாணத்தில் ஐம்பது வயதைத் தாண்டியவரிடம் மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தால், அவர் வீட்டில் பிளக் ஸ்பனரும் இருக்கும். வண்டி இழுக்கவில்லையா, உதைத்தும் பிடிக்கவில்லையா, கராஜுக்கு உருட்டிக்கொண்டு போகமாட்டார். பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். கரியா, எண்ணெயா, நனைந்திருக்கிறதா என்று கண்டு, துடைத்துப் பூட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போவார். இந்தக் கைப்பழக்கத்தை அவருக்கு எந்தத் தொழிற்பயிற்சிக் கல்லூரியும் கற்றுக்கொடுக்கவில்லை. கொடுத்தது மண்ணெண்ணெய்.

1990 ஜூனில் போர் மறுபடி மூண்டபோது குடாநாட்டின் தரைவழி அடைபட்டது. காங்கேசன்துறை ரயில் நின்றது. மின்சாரம் போனது, மின்நிலையம் அமைந்திருந்த சுன்னாகமும் மற்ற ஊர்களோடு சேர்ந்து இருண்டது. பெற்றோல், டீசல், டோர்ச் பற்றரி, சீமெந்து, உரம் என்று தடைப்பட்டியல் நீண்டது. மண்ணெண்ணெய் மட்டும் அளவோடு வந்தது. சங்கக்கடையில் அட்டைக்கு இவ்வளவு என்று பங்கிட்டார்கள். பெற்றோல் கள்ளச்சந்தையில் போத்தல் கணக்கில் விலைபோனது. லீற்றர் என்ற சொல்லையே சனம் மறந்திருந்தது.

வந்த மண்ணெண்ணெய்க்கு வேலை நிறைய இருந்தது. விளக்குக்கு வேண்டும். அதனால்தான் ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, பஞ்சு நனையுமளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு எரிக்கும் சிக்கன விளக்கு பிறந்தது. தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கவும் அதே எண்ணெய் வேண்டும். பெரும்பாலானோர் சைக்கிளுக்கு மாறிவிட்டார்கள். ஆனால் பிள்ளைப்பேற்றுக்குப் பெரியாஸ்பத்திரிக்குப் போகிறவரை சைக்கிளில் ஏற்ற முடியாது. கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் ஒரு வாகனம் வேண்டும். அப்போதுதான் வளவுகளில் நின்ற பழைய கார்களின் பக்கம் கண் திரும்பியது.

அந்தக் கார்கள் எவை என்பதில்தான் கதையின் சூட்சுமம் இருக்கிறது. ஒஸ்ரின் ஏ 40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொரிஸ் மைனர், மொரிஸ் ஒக்ஸ்போர்ட் என எல்லாம் 1940களின் பின்பாதியிலும் 1950களிலும் இங்கிலாந்தில் வடிவமைக்கப்பட்டவை. 1960களில் இலங்கை அரசு இறக்குமதியை இறுக்கிப் பிடித்ததால் புதுக் கார் வருவது அருகிப்போனது. இருந்ததைத் திருத்தித் திருத்தி ஓடினார்கள். யாழ்ப்பாணத்து வாடகைக் கார் என்றாலே ஒஸ்ரின் என்றொரு காலம் இருந்தது. 1977க்குப் பிறகு ஜப்பான் வாகனங்கள் வந்து இறங்கியபோதும் இந்தக் கிழட்டுக் கார்கள் ஒதுங்கவில்லை.

ஏ 40யின் எஞ்சின் 1200 சி.சி. அதன் அமுக்க விகிதம் 7.2க்கு 1. அதாவது சிலிண்டருக்குள் வரும் காற்றும் எரிபொருளும் சேர்ந்த கலவையை ஏழில் ஒரு பங்காக நெருக்கும், அவ்வளவுதான். இன்றைய கார்கள் அதைப் பத்துக்கு மேலும் நெருக்குகின்றன. நெருக்க நெருக்கக் கலவை சூடாகும். பெற்றோல் அந்தச் சூட்டைத் தாங்கிப் பிளக்கின் பொறி மூட்டும் சுடர் வந்து சேரும்வரை காத்திருக்கும். மண்ணெண்ணெய்க்கு அந்தப் பொறுமை கிடையாது. சுடர் வந்து சேருமுன் தானே பற்றிக்கொள்ளப் பார்க்கும். எஞ்சின் ‘டக் டக்’ என்று தட்டும். நெருக்கம் குறைந்த பழைய எஞ்சினில் இந்தத் தட்டல் தாங்கக்கூடிய அளவிலேயே இருந்தது. யுத்தத்துக்குப் பிந்திய இங்கிலாந்தின் மட்டமான பெற்றோலை மனதில் வைத்துச் செய்த எஞ்சின், நாற்பது வருடம் கழித்து யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயைக் குடிக்கவும் இணங்கியது.

யோசனை வானத்திலிருந்து விழவில்லை. சுன்னாகம், இணுவில், உரும்பிராய்ப் பக்கச் செம்மண் தோட்டங்களில் துலா மறைந்து இறைப்பு மெசின் வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு மெசினைப் பெற்றோலில் ஸ்ராட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது கமக்காரருக்கு நாளாந்த வேலை. அவருக்கும் முன்னால் இங்கிலாந்தின் உழவர்கள் இதையே செய்திருக்கிறார்கள். 1917இல் வெளிவந்த போர்ட்சன் உழவு இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடியது. 1949இல் பேர்குசன் நிறுவனம் தன் சாம்பல் நிறத் திராக்ரரில் அதற்கென்றே ஒரு வகையை இறக்கியது. ஸ்ராட் செய்யச் சிறு பெற்றோல் ராங்கி, உழுவதற்குப் பெரிய மண்ணெண்ணெய் ராங்கி. அங்கே அந்த எரிபொருளுக்கு வரி குறைவு, அதுதான் காரணம். இங்கே வரியின் இடத்தில் தடை இருந்தது. இரண்டாம் உலகப்போரில் தமிழ்நாட்டுப் பஸ்கள் முதுகில் அடுப்பைச் சுமந்து கரிவாயுவில் ஓடியதும் இதே குடும்பத்துக் கதைதான்.

தோட்டத்து மெசினுக்குத் தெரிந்தது வீட்டுக் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் தெரியவேண்டும். செய்ய இருந்தது இவ்வளவுதான். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. பெற்றோல் பனிக்கட்டிக் குளிரிலும் தீப்பிடிக்கத்தக்க ஆவியைக் கிளப்பும். மண்ணெண்ணெய்க்கு ஏறக்குறைய 38 பாகை செல்சியஸ் சூடாவது வேண்டும். ஆகவே முதல் மூச்சுக்குக் கொஞ்சம் பெற்றோல் கட்டாயம். அந்தக் கொஞ்சத்தை வைத்திருக்க யாழ்ப்பாணம் கண்டுபிடித்த பாத்திரம் சூப்பிப் போத்தல். சில துளி பெற்றோல், காபரேற்றரின் வாய்க்குள் ஒரு பீச்சல், உடனே உதை. எஞ்சின் இருமிக்கொண்டு பிடித்ததும் அக்சிலேற்றரை முறுக்கி வைத்திருக்கவேண்டும். நின்றுவிட்டால் இன்னொரு பீச்சல். அதோடு இன்னும் கொஞ்சக் காசு போச்சு. வாய்க்கு மேலே எயார் பில்ரர் இருந்தால் பீச்ச முடியாது. அதனால் முதலில் கழன்றது பில்ரர்தான். அதன் விளைவைப் பிறகு பார்ப்போம்.

சூடேறிவிட்டால் வண்டி ஓடும். ஏற்றத்தில் முனகும், பின்னால் வெள்ளைப் புகை கிளம்பும், முன்னே போன காரின் புகையில் பின்னே சைக்கிளில் வருகிறவர் கண்ணைக் கசக்குவார். வீடு வந்து சாவியைத் திருப்பி நிறுத்தினாலும் எஞ்சின் உடனே நிற்காது. உள்ளே தணலாகக் கிடக்கும் கரியில் மண்ணெண்ணெய் தானாகப் பற்ற, இன்னும் நாலைந்து தரம் உதறிவிட்டுத்தான் அடங்கும். எரியாமல் எஞ்சிய எண்ணெய் சிலிண்டர் சுவரால் வழிந்து கீழே எஞ்சின் ஒயிலில் கலக்கும். ஒயில் தண்ணீராகும், மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறும். அளவுகோலை இழுத்து மணந்து பார்க்கிற பழக்கம் அப்போது வந்ததுதான்.

ஆனால் எல்லாவற்றிலும் அதிகம் அடிபட்டது பிளக்.

பிளக்கின் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். நடுவில் ஒரு உலோகக் கம்பி, அதைச் சுற்றி வெள்ளைப் பீங்கான், அதற்கு வெளியே மரை வெட்டிய இரும்புக் கூடு. கூட்டிலிருந்து வளைந்து வரும் சின்னக் கொக்கிக்கும் நடுக்கம்பிக்கும் இடையில் ஒரு மில்லிமீற்றரும் இல்லாத இடைவெளி. கொயில் தரும் பல்லாயிரம் வோல்ற் மின்சாரம் அந்த இடைவெளியைத் தாண்டினால் பொறி. பீங்கான் சுத்தமாக இருக்கும்வரைதான் மின்சாரம் தாண்டும். பீங்கான்மேல் கரி படிந்தால் கரி மின்சாரத்தைக் கடத்தும். குறுக்குவழி கிடைத்த மின்சாரம் ஏன் தாண்டப் போகிறது? கரிமேல் ஊர்ந்து கூட்டுக்குள் இறங்கிவிடும். பொறி இல்லை, ஓட்டம் இல்லை.

நல்ல பிளக் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். அதன் நுனி ஏறக்குறைய 450 பாகைக்கு மேல் சூடேறினால் கரி எரிந்துபோகும். 800 பாகையைத் தாண்டினால் நுனியே தணலாகிப் பொறிக்கு முந்திக் கலவையைப் பற்றவைக்கும். இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் பிளக் செய்கிறவரின் சாமர்த்தியம். மண்ணெண்ணெய் ஊற்றிய எஞ்சின், வீதித் தடைகளில் நின்று நின்று மெதுவாகப் போகும்போது அந்தச் சூட்டை எட்டுவதில்லை. அரைகுறையாக எரிந்த எண்ணெய் புகைக்கரியாகப் பிளக்கில் ஒட்டும். பெற்றோலில் மாதக்கணக்கில் திரும்பிப் பார்க்கத் தேவையில்லாத பிளக், இப்போது அடிக்கடி கழற்றப்பட்டது. ஒவ்வொரு தரமும் கராஜுக்கு ஓட முடியுமா? இப்படித்தான் ஸ்பனர் வீட்டுக்கு வந்தது.

துடைக்கிற வேலை குசினி வாசலில் நடக்கும். எஞ்சின் ஆறியபின் பிளக்கைச் சுற்றியிருக்கும் புழுதியை ஊதித் தள்ளவேண்டும். தள்ளாமல் கழற்றினால் மண் நேரே சிலிண்டருக்குள் விழும். காரென்றால் நாலு வயரையும் ஒரேயடியாக இழுக்கக்கூடாது. ஏ 40 வெடிக்கும் ஒழுங்கு 1, 3, 4, 2. வயர் மாறினால் எஞ்சின் வேறு பாட்டுப் பாடும். ஆகவே ஒன்றைக் கழற்றி, துடைத்து, பூட்டி, பிறகு அடுத்தது. கழற்றிய பிளக்கின் கரியைப் பழைய பல் பிரஷ்ஷால் உதிர்த்து, முனைகளை அரத்தாளால் மெல்ல உரசி, மிஞ்சிய ஈரத்தை அடுப்பு நெருப்பில் காட்டி உலர்த்துவார்கள். பீங்கானை உரசக்கூடாது, கீறலுக்குள் அடுத்த கரி இன்னும் இறுக்கமாய் உட்காரும்.

இடைவெளியை அளக்கத் தகட்டளவி எல்லா வீட்டிலும் ஏது? ஹக்சோ பிளேற் இருக்கும். சாதாரணக் கை ஹக்சோவின் பிளேற் தடிப்பு அங்குலத்தில் ஆயிரத்தில் 25, அதாவது 0.64 மில்லிமீற்றர். அக்காலத்து ஒஸ்ரினுக்கும் மொரிஸுக்கும் கம்பனி சொன்ன பிளக் இடைவெளியும் அதேதான். பல்லில்லாத முதுகுப்பக்கம் கொக்கிக்குள் உரசிக்கொண்டு நுழைந்தால் சரி. பிறகு பிளக்கை வயரில் கொழுவி, அதன் கூடு எஞ்சின் உலோகத்தில் படும்படி வைத்து, தம்பியை ஒருதரம் உதைக்கச் சொல்வார்கள். நீலப் பொறி ‘டிக்’ என்று பாய்ந்தால் பூட்டலாம். பொறி மஞ்சளாகச் சோம்பினால் கொயிலையோ பொயின்ற்றையோ பார்க்கவேண்டும். “அண்ணை, பொறி வருகுது, ஆனா பிடிக்குதில்லை” என்றால் அடுத்த சந்தேகம் காபரேற்றர். நோயைப் படிப்படியாக ஒதுக்கிக் கண்டுபிடிக்கும் இந்த முறையைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வீட்டு வாசலில் நின்றே படித்தார்கள்.

இத்தனை பாடுபட்ட இந்தச் சின்னச் சாமானுக்கு அப்போதே நூற்று முப்பது வயது. 1860இல் பாரிசில் எத்தியென் லெனுவார் தன் வாயு எஞ்சினில் பீங்கான் உறையிட்ட மின்பொறியைப் பயன்படுத்தினார். ஆனால் நம்பகமான பொறிக்குக் கார்கள் இன்னும் நாற்பது வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1902இல் ஜேர்மனியின் ரொபேர்ட் பொஷ் நிறுவனத்தில் கொட்லொப் ஹொனோல்ட் உயர் அழுத்த மக்னீற்றோவையும் அதற்கேற்ற பிளக்கையும் சேர்த்துக் கொடுத்தபின்தான் விடயம் நேரானது. பிரான்சின் சைக்கிள் ஓட்டவீரர் அல்பேர் சம்பியன் அமெரிக்காவுக்குப் போய்ப் பிளக் செய்தார்; அவர் பெயரை வைத்த கம்பனியிலிருந்து அவரே பிரிந்தபின் தன் முதலெழுத்துகளில் ஏ.சி. பிளக்கைத் தொடங்கினார். சம்பியன் பெட்டிதான் இலங்கைக் கடைகளின் தட்டுகளை நெடுங்காலம் நிறைத்தது. ஆரம்பகாலப் பீங்கான் சூட்டில் வெடித்ததால் சிலர் மைக்காத் தகடுகளை அடுக்கிப் பிளக் செய்தார்கள். உலகின் மைக்காவில் பெரும்பங்கு அன்று இந்தியாவிலிருந்தே போனது. 1930களில் அலுமினா வந்தபின் மைக்கா ஒதுங்கியது. இன்று நாம் பீங்கான் என்று சொல்வது அந்த அலுமினாவைத்தான். யாழ்ப்பாணத்தின் ஹொண்டாக்களில் இருந்த என்.ஜி.கே. பிளக், 1936இல் ஜப்பானின் நகோயாவில் தொடங்கிய கம்பனியுடையது. மின்கம்பத்துப் பீங்கான் செய்த நிறுவனத்திலிருந்து பிரிந்து வந்தது அது.

கழற்றி வைத்த எயார் பில்ரருக்கு வருவோம். வலிகாமத்தின் மண் செம்மண். காய்ந்தால் மாவாய்ப் பறக்கும். பில்ரர் இல்லாத காபரேற்றர் அதை அப்படியே உறிஞ்சும். எஞ்சின் ஒயிலோடு சேர்ந்தால் அந்தத் தூள் அரைக்கும் பசையாகி, பிஸ்ரன் வளையத்தையும் சிலிண்டர் சுவரையும் தேய்க்கும். தேய்ந்த இடைவெளியால் ஒயில் மேலேறிப் பிளக்கை நனைக்கும். பிளக்கில் பளபளவென்று ஈரக் கறுப்பு தெரிந்தால் அது மண்ணெண்ணெயின் குற்றமல்ல, வளையம் போனதற்கு அடையாளம். காலையில் பீச்சுவதற்காகப் பில்ரரைக் கழற்றி, வண்டி பிடித்ததும் மறக்காமல் பூட்டியவருடைய எஞ்சின் தப்பியது. சோம்பேறித்தனத்தில் அதைச் சாக்கில் கட்டி மூலையில் போட்டவருடையது சிலிண்டர் போர் அடிக்கக் கராஜுக்குப் போனது.

அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் இருந்தது ஒயில் குளிப்பு பில்ரர். உள்ளே வரும் காற்று கிண்ணத்தில் இருக்கும் ஒயிலின்மேல் திடீரெனத் திரும்பும். திரும்ப முடியாத தூசி ஒயிலில் விழும். கழுவி, புது ஒயில் விட்டால் மறுபடி புதிது. காசு கொடுத்து மாற்ற ஒன்றும் இல்லை. மோட்டார் சைக்கிளின் ஸ்பொஞ்ச் பில்ரரும் அப்படித்தான். சவர்க்காரத் தண்ணீரில் பிழிந்து, நிழலில் உலரவிட்டு, எஞ்சின் ஒயிலில் நனைத்துப் பிழிந்து பூட்டுவது. தடைக்காலத்தில் சவர்க்காரமும் அரிதுதான். ஆனால் கைவிட்டுப்போகாத இந்தச் சாமானுக்கு மாற்றுத் தேடவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

பில்ரரும் பிளக்கும் ஒன்றையொன்று காட்டிக்கொடுக்கும். காபரேற்றர் எஞ்சினில் பில்ரர் அடைத்தால் காற்றுக் குறையும், எரிபொருள் கூடும். பிளக்கில் காய்ந்த கறுப்புத் தூள் படியும். ஆகவே கறுத்த பிளக்கைக் கண்டவுடன் புதுப் பிளக் வாங்குவது வீண்செலவு. முதலில் பில்ரரைப் பார்க்கவேண்டும். நுனி இளம் மண்ணிறமாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் எஞ்சின் சுகமாக இருக்கிறது. வெள்ளையாய் வெந்து பொரிந்திருந்தால் காற்றுக் கூடிவிட்டது அல்லது எஞ்சின் அளவுக்கு மேல் சூடாகிறது.

1995 அக்டோபர் 30ஆம் திகதி, போர் நெருங்கி வர, வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. ஒரே இரவில் இலட்சக்கணக்கானோர் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, மண்ணெண்ணெயில் ஓடிய வாகனங்களும் அந்தக் கூட்டத்துக்குள் முண்டின. அடுத்த வருடம் சனம் திரும்பிவந்தது. தடையின் கட்டுப்பாடுகள் தளர்ந்தும் இறுகியும் தொடர்ந்தன. 2002 ஏப்ரல் 8ஆம் திகதி குடாநாட்டின் தரைவழியான ஏ 9 வீதி திறந்து, பெற்றோல் தாராளமாக வந்தபோதுதான் சூப்பிப் போத்தல் குழந்தையிடம் திரும்பிப் போனது. 2006 ஓகஸ்ற்றில் அந்த வீதி மறுபடி மூடியபோது சிலர் அதை வெளியே எடுத்தார்கள்.

பிறகு 2022 வந்தது. நாடு முழுவதும் டொலர் இல்லை, பெற்றோல் இல்லை. கியூ.ஆர். அட்டைக்கு வாரம் மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. யாழ்ப்பாணத்தில் பழைய ஆட்கள் தொண்ணூறுகளைப் பேசத் தொடங்கினார்கள். ஆனால் மண்ணெண்ணெய்க் கார் இரண்டாம் தரம் பிறக்கவில்லை. எஞ்சின் மாறிவிட்டிருந்தது. நெருக்கம் கூடிய எஞ்சினில் மண்ணெண்ணெய் பிஸ்ரனையே உடைக்கும். காபரேற்றர் இருந்த இடத்தில் இன்ஜெக்ரர் இருக்கிறது. பீச்சுவதற்கு வாயே இல்லை. புகைக்குழாயில் ஒட்சிசன் சென்சரும் வினையூக்கியும் இருக்கின்றன. இரண்டும் கரியில் செத்துப்போகும். எண்ணெயும் மலிவாக இருக்கவில்லை; அந்த ஓகஸ்ற்றில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஏறியது. அதற்கும் மீனவரும் கமக்காரரும் வரிசையில் நின்றார்கள். பழைய பிரித்தானிய எஞ்சின், தோட்டத்து இறைப்பு மெசின் தந்த அனுபவம், பெற்றோலைத் தடுத்து மண்ணெண்ணெயை அளவோடு விட்ட தடை என்ற மூன்றும் ஒரே இடத்தில் சந்தித்ததால்தான் அது 1990இல் பிறந்தது. அந்தச் சந்திப்பு மறுபடி வாய்க்கவில்லை, வாய்க்கவும் வேண்டாம்.

செத்தது மண்ணெண்ணெய்க் கார். பிளக்கைக் கழற்றிப் பார்க்கிற பழக்கம் சாகவில்லை, சாகத் தேவையும் இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. அந்த ஐந்து வருடமும் இருந்த வண்டியைக் காப்பாற்றியவர்கள் இதை அறிவார்கள். சாதாரண நிக்கல் பிளக் காரில் ஏறக்குறைய 30,000 கிலோமீற்றர் போகும். இரிடியம் 100,000 வரை தாங்கும். இரிடியம் முனையை அரத்தாளால் உரசினால் அதோடு அதன் கதை முடிந்தது. புதுப் பிளக்கை முதலில் விரலால் மட்டும் சுற்றவேண்டும். கை போகாத குழிக்குள் பெற்றோல் குழாயின் ஒரு துண்டைப் பிளக்கின் தலையில் கொழுவிச் சுற்றலாம். மரை குறுக்கே ஏறினால் குழாய் வழுக்கிக் காட்டிக்கொடுக்கும். வாசர் உள்ள புதுப் பிளக்கென்றால், விரலுக்கு இறுகியபின் ஸ்பனரால் அரைச்சுற்று போதும். அலுமினிய ஹெட்டில் பலத்தைக் காட்டினால் மரை கையோடு வரும். கடதாசிப் பில்ரரைக் கழுவக்கூடாது. உள்ளிருந்து வெளியே மெல்ல ஊதலாம், கறுத்து அடைத்திருந்தால் மாற்றவேண்டும்.

தொண்ணூறுகளின் பழக்கத்தில் ஒன்றைமட்டும் கட்டாயம் கைவிடவேண்டும். பழைய ஒயிலை வளவு மூலையில் ஊற்றுவது அது. நம் காலடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றியது வெடிப்புகளால் இறங்கிக் கிணற்றுக்கு வரும். சுன்னாகத்துக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. மின்நிலையக் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நொதேர்ண் பவர் கம்பனியை 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. மின்நிலையத்தின் எண்ணெய்க்குப் பொருந்துவது நம் வீட்டு அரைப் போத்தல் ஒயிலுக்கும் பொருந்தும். போத்தலில் அடைத்துக் கராஜில் கொடுத்துவிடலாம்.

வண்டியைச் சேவிசுக்கு விடுகிறவர்கள் அடுத்த தரம் ஒன்று செய்யுங்கள். கழற்றிய பழைய பிளக்கையும் பில்ரரையும் எறிய முன்னம் கேட்டு வாங்கிப் பாருங்கள். நாலு பிளக்கும் ஒரே நிறமாக இருந்தால் காசைக் கொடுத்துவிட்டு வரலாம். ஒன்று மட்டும் கறுத்திருந்தால் அந்தச் சிலிண்டரைப் பற்றிக் கேட்காமல் வெளிக்கிடாதீர்கள்.